காரணம் சொல்லாத கதவுக்குக் கூட்டுறவு எண்டு பேரா?

எங்கட கூட்டத்தில ஒருத்தியின்ர அக்கா நியூயோர்க்கில, குயீன்ஸ் பக்கம் இருக்கிறா. தாதி வேலை. கணவருக்கும் நிரந்தர வேலை. பன்னிரண்டு வருசம் வாடகை வீட்டில இருந்து சேர்த்த காசைக் கொண்டு ஒரு வீடு வாங்கப் போனவை. 1930களில் கட்டின ஆறு மாடிச் செங்கல் கட்டடம், மூன்றாம் மாடியில இரண்டு படுக்கையறை. விற்கிறவருக்குச் சம்மதம். விலை பொருந்திச்சு. வங்கியும் கடனுக்கு ஓம் எண்டிட்டுது. அதுக்குப் பிறகுதான் பெரிய தடை இருந்தது. அந்தக் கட்டடத்தின்ர நிர்வாகசபை ஓம் எண்டு சொல்ல வேணும்.

வரிப் பத்திரங்கள், வங்கிக் கணக்கு விபரங்கள், வேலைத்தலக் கடிதம், நண்பர்களிட்ட வாங்கின நற்சான்றுக் கடிதங்கள் எண்டு ஒரு கட்டுக் கடதாசி குடுத்தவை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டு இருபது நிமிசம் கதைச்சவை. எல்லாம் சிரிச்ச முகங்கள்தான். ஊரில இருந்து அம்மா அப்பா வந்தால் எவ்வளவு காலம் நிற்பினம் எண்டு ஒருத்தர் கேட்டவராம். ஒரு கிழமைக்குப் பிறகு புரோக்கரிட்ட இருந்து ஒரு வரி வந்தது: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஏன் எண்டு அக்கா கேட்டா. காரணம் சொல்ல மாட்டினம், சொல்ல வேண்டிய கட்டாயமும் அவைக்கு இல்லை எண்டு பதில் வந்தது. விண்ணப்பக் கட்டணமும் திரும்பி வரேல்லை.

இதை எங்கட சந்திப்பில கதைச்ச நேரம் ஒரு தோழர் சொன்னார்: "கூட்டுறவு எண்டா நல்ல விசயம்தானே. அங்க இருக்கிற ஆக்கள் சேர்ந்து தீர்மானிக்கினம், அதில என்ன பிழை?" இந்தக் கட்டுரை அவருக்கான பதில். கூட்டுறவை நாங்கள் எதிர்க்கேல்லை. காரணம் சொல்லாமல் ஒரு ஆளைத் திருப்பி அனுப்புற உரிமையைக் கூட்டுறவு எண்டு கூப்பிடுறதைத்தான் எதிர்க்கிறம்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இப்படியான கட்டடம் முழுவதும் ஒரு கம்பனிக்குச் சொந்தம். வீடு வாங்குகிறவர் உண்மையில் வீட்டை வாங்குவதில்லை. அந்தக் கம்பனியின் பங்குகளை வாங்குகிறார். அந்தப் பங்குகளோடு சேர்த்து, குறித்த ஒரு வீட்டில் குடியிருப்பதற்கான நீண்டகாலக் குத்தகை அவருக்குக் கிடைக்கிறது. கட்டடத்தின் மீதுள்ள அடைமானக் கடன், சொத்து வரி, கொதிகலனுக்கு எரிபொருள், வேலையாட்களின் சம்பளம் எல்லாவற்றுக்குமாக மாதாமாதம் ஒரு பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். பங்குதாரர்கள் கூடி நிர்வாகசபையைத் தெரிவுசெய்வார்கள். பெரிய வீட்டுக்குக் கூடுதல் பங்கு, கூடுதல் பங்குக்குக் கூடுதல் வாக்கு. 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்துத் தொழிலாளர்கள் கடை தொடங்கியபோது, ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு என்பதுதான் அவர்களுடைய விதி. அந்த விதி இந்தக் கட்டடங்களின்ர வாசலிலயே விழுந்துபோச்சு.

வீட்டு விளம்பரங்களில் இவற்றுக்கு இன்னொரு அடைமொழியும் உண்டு: 'போருக்கு முந்திய' கட்டடம். அது இரண்டாம் உலகப் போர். அந்தப் போரில நியூயோர்க் மேல ஒரு குண்டும் விழேல்லை. எங்களுக்குப் போருக்கு முந்திய வீடு எண்டால் கூரையில்லாத சுவர், சுவரில முளைச்ச ஆலங்கண்டு, உறுதி துலைஞ்ச வளவு. அங்க அந்தச் சொல்லுக்கு உயர்ந்த கூரை, தடிச்ச சாந்துச் சுவர், மீன்முள் மாதிரி அடுக்கின மரத்தரை எண்டு அர்த்தம். அந்தச் சொல்லைப் போட்டாலே விலை ஏறும்.

இந்த வீடுகளில் பேர்போன ஒரு அமைப்பு 'கிளாசிக் சிக்ஸ்'. வரவேற்பறை, சாப்பாட்டறை, குசினி, இரண்டு படுக்கையறை, ஆறாவதாக வேலைக்காரிக்கு ஒரு அறை. அந்த ஆறாவது அறை குசினிக்குப் பின்னால, ஒரு கட்டில் போட்டால் நிறையிற அளவில இருக்கும். வேலையாட்களுக்கும் சாமான்களுக்கும் தனி வாசல், தனி லிஃப்ட். இப்ப அந்த அறையில கணினி மேசை போட்டிருப்பினம், பின் லிஃப்டால குப்பை இறங்கும். அழகான கட்டடங்கள்தான், நாங்கள் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் ஆர் எந்த வாசலால வாறது எண்டு முதலே தீர்மானிச்சுப்போட்டுத்தான் அந்த அழகைக் கட்டியிருக்கினம். எங்கட பழைய கல்வீடுகளுக்கும் பின்வாசல் இருந்தது. அது ஆருக்கு எண்டு எங்களுக்கு ஆரும் விளக்கத் தேவையில்லை.

இனி அந்த 'மாட்டம்' எண்ட சொல்லுக்கு வருவம். அது ஒரு கட்டடத்தின்ர தனிக் கெட்ட பழக்கம் இல்லை, நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உரிமை. 1959 இல் பார்க் அவெனியூக் கட்டடம் ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் நியூயோர்க் மாநிலத்தின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. லிஃப்டையும் பொது நடைகளையும் யாரோடு பகிர்வது என்பதைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். இனம், மதம், பிறந்த நாடு போன்ற சட்டம் தடைசெய்த காரணங்களுக்காக மறுக்கக் கூடாது. மற்றப்படி எந்தக் காரணத்துக்கும் மறுக்கலாம், காரணமே இல்லாமலும் மறுக்கலாம்.

இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. இனத்துக்காக மறுக்கக் கூடாது. ஆனால் ஏன் மறுத்தது எண்டு சொல்லவும் தேவையில்லை. அப்ப முதலாவது வசனம் ஆரைக் காப்பாத்தும்? அக்காவை ஏன் வேண்டாம் எண்டவை எண்டு எங்களுக்குத் தெரியாது. அவவின்ர பெயரா, தோலா, அம்மா அப்பாவா, கணக்கில ஏதும் குறையா? தெரியாது. நிர்வாகசபையில இனவாதி ஒருத்தரும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அங்க ஒருத்தர் இருந்தால் அவர் ஒளிஞ்சிருக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. நிரூபிக்க வேண்டிய சுமை முழுக்க வெளியில நிற்கிறவவின்ர தலையில, சாட்சியம் முழுக்க உள்ளுக்க இருக்கிறவையின்ர கையில.

இதை ஒரு பகிடியாகத்தான் பத்திரிகைகள் கதைக்கும். 1979 இல் முன்னாள் ஜனாதிபதி நிக்சனுக்கு வீடு கிடைக்கவில்லை. 1985 இல் சென்ரல் பார்க்கின் மேற்குப் பக்கம் இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிற சான் ரீமோ கட்டடம் மடோனாவை மறுத்தது. பிரபலங்களையே திருப்பி அனுப்புறாங்கள், அப்ப எல்லாருக்கும் ஒரே நீதிதான் எண்டு சிரிக்கிறது. நிக்சன் அதே நகரத்தில தனி வீடு வாங்கினார். மடோனாவுக்கும் வீட்டுக்குக் குறை வரேல்லை. தாதி வேலை செய்யிற ஒருத்திக்கு ஒரு மறுப்பு எண்டால் இன்னொரு வருச வாடகை, இன்னொரு விண்ணப்பக் கட்டணம், பிள்ளைக்கு இன்னொரு பள்ளிக்கூடம். இரண்டையும் ஒரே தராசில வைக்கேலாது.

இந்த உரிமை எங்க இருந்து வந்தது எண்டும் பார்க்க வேணும். அக்கா இருக்கிற அதே குயீன்ஸில் ஜக்சன் ஹைற்ஸ் என்ற பகுதி இருக்கிறது. 1909 இல் இருந்து ஒரு கம்பனி தோட்டக் காணிகளை வாங்கி, நடுவில் பூந்தோட்டம் வைத்த தொடர்மாடிகளைக் கட்டியது. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு அவற்றைக் கூட்டுறவு வீடுகளாக விற்கத் தொடங்கியது. இது 'கட்டுப்பாடுள்ள' குடியிருப்பு என்று வெளிப்படையாக விளம்பரமும் செய்தது. கட்டுப்பாடு எண்டால் என்ன? யூதர்களுக்கும் கறுப்பு மக்களுக்கும் இடமில்லை எண்டதுதான். அயலவரைத் தெரிவுசெய்யலாம் என்பதையே ஒரு வசதியாக விற்றார்கள். இண்டைக்கு அதே ஜக்சன் ஹைற்ஸின் 74ஆம் தெருவில சாறிக்கடையும் நகைக்கடையும் மசாலாச் சாமான் கடையுமாக எங்கட தெற்காசியச் சனம் நிறைஞ்சு போய் நிற்குது. விளம்பரத்தில இருந்த அந்தச் சொல் போட்டுது. ஆளைத் தெரிவுசெய்யிற பொறிமுறை அப்பிடியே இருக்கு.

உள்ளுக்குப் போனவருக்கும் நிம்மதி நிச்சயமில்லை. மன்ஹற்றனின் மேற்கு 67ஆம் தெருக் கட்டடம் ஒன்றில் ஒரு பங்குதாரர் மேல்மாடிக்காரரோடு ஓயாமல் சண்டை பிடித்தார், துண்டுப்பிரசுரம் ஒட்டினார், வழக்குப் போட்டார். மற்றப் பங்குதாரர்கள் கூடி வாக்களித்து அவருடைய குத்தகையை முடித்துவைத்தார்கள். 2003 இல் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சரி என்று தீர்ப்பளித்தது. அந்த மனிசன் அயலட்டைக்கு உண்மையிலயே பெரிய தலையிடியாக இருந்திருக்கலாம். எண்டாலும் அவருக்கு அறிவித்தல் குடுத்து, கூட்டம் வைச்சு, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லித்தான் வெளியேற்றினவை. உள்ளுக்க இருக்கிற சண்டைக்காரனுக்குக் குடுக்கிற அந்தக் குறைந்தபட்ச மரியாதையை வெளியில நிற்கிற ஒரு தாதிக்குக் குடுக்க ஏன் மனமில்லை?

மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேணும். இது பழைய கட்டடம், செலவு பெரிசு எண்டு சொல்லுவினம். அது உண்மை. 1979 இல் ஒரு கட்டடத்தின் முகப்பில் இருந்து விழுந்த துண்டு பட்டு ஒரு பல்கலைக்கழக மாணவி இறந்தார். அதைத் தொடர்ந்து 1980 இல் நகரம் சட்டம் கொண்டுவந்தது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். 2019 இல் வந்த இன்னொரு சட்டம் பெரிய கட்டடங்கள் வெளிவிடும் கரிமத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2024 இல் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதை மீறினால் தண்டம். நூறு வருசப் பழைய கொதிகலன் இரவிரவா நீராவிக் குழாயைத் தட்டும். சூடு கூடி ஆக்கள் தை மாதக் குளிரில யன்னலைத் திறந்து வைப்பினம். இதுகளுக்கெல்லாம் வாற செலவை எல்லாரும் பங்கு போட்டுக் கட்ட வேணும். ஒருத்தர் கட்டாட்டில் மற்றவைதான் தாங்க வேணும். அதனால வாறவரின்ர காசு நிலைமையைப் பார்க்கத்தான் வேணும் எண்டினம். 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பினதையும் அதுக்குச் சாட்சியாகக் காட்டுவினம்.

சரி, ஒத்துக்கொள்ளுறம். அப்ப அந்தக் கணக்கை எழுதி வையுங்கோ. மாத வருமானத்தில எத்தினை வீதத்துக்கு மேல வீட்டுச் செலவு போகக் கூடாது, கையில எத்தினை மாதக் கட்டணம் இருக்க வேணும், முற்பணம் எவ்வளவு. இலக்கத்துக்கு என்ன இரகசியம்? எழுதி ஒட்டினால் தகுதி இல்லாதவை விண்ணப்பிக்கவே மாட்டினம், ஆரின்ர காசும் நேரமும் வீணாகாது. காரணத்தை எழுத்தில குடுக்க வேணும் எண்டு நகர சபையில பல தடவை சட்ட முன்மொழிவுகள் வந்திருக்கு. காரணம் சொன்னால் வழக்குகள் பெருகும், சம்பளமில்லாமல் நிர்வாகசபையில இருக்க ஆரும் வரமாட்டினம் எண்டு கட்டடங்களின்ர தரப்பு எதிர்க்கிறது. காரணத்தைச் சொன்னால் வழக்கு வரும் எண்டு பயப்பிடுறவை, தங்கட காரணங்கள் எப்பிடிப்பட்டதெண்டு தாங்களே சொல்லினம்.

அதே நகரத்தில், அதே காலத்தில், இதே 'போருக்கு முந்திய' வருசங்களில் வேற விதமாகவும் கட்டியிருக்கிறார்கள். அதனாலதான் எங்களுக்குக் கோவம் கூட வருகுது. 1916 இல் புரூக்ளினின் சன்செற் பார்க்கில் பின்லாந்தில் இருந்து வந்த குடியேறிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவு வீட்டைக் கட்டினார்கள். 'அல்கு' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் தொடக்கம் என்று அர்த்தம். 1927 இல் பிரொங்ஸில் ஆடைத் தொழிலாளர் சங்கம் 303 குடும்பங்களுக்கு வீடு கட்டியது. அதுதான் அமல்கமேற்றட் கூட்டுறவு. தையல் மெசினில இருந்து உழைச்சவை, ஒரு அறைக்கு 500 டொலர் என்று பங்குப் பணம் கட்டி உள்ளே வந்தார்கள். நூலகம், சிறுபிள்ளைப் பள்ளி, கூட்டுறவுக் கடை எல்லாம் சேர்ந்தே வந்தன. முக்கியமான விசயம் இதுதான்: வெளியேறிப் போகிறவர் தான் போட்ட பங்குப் பணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகலாம், சந்தை விலைக்கு விற்க முடியாது. அதனால அடுத்த தொழிலாளியாலயும் உள்ள வர முடிஞ்சது. பெருமந்தத்தையும் போரையும் தாண்டி, இப்போது சுமார் 1,500 குடும்பங்களோடு அது இன்னும் நிற்கிறது. ஜக்சன் ஹைற்ஸில இடமில்லை எண்டு துரத்தப்பட்ட அதே யூத மக்கள்தான் பெரும்பாலும் அங்க இருந்தவை.

பக்கத்தில் அலர்ற்றன் அவெனியூவில் கம்யூனிஸ்ட் தொழிலாளர்கள் கட்டின இன்னொரு கூட்டுறவு இருந்தது. கறுப்புக் குடும்பங்களை விரும்பி அழைத்துச் சேர்த்த இடம் அது. ஹார்லெமில் 1928 இல் டன்பார் தொடர்மாடி திறக்கப்பட்டது. வெள்ளைக் கட்டடங்கள் எடுக்காத கறுப்பு மக்களுக்கு 511 கூட்டுறவு வீடுகள். டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், போல் றொப்சன் எல்லாம் அங்கே குடியிருந்தவர்கள். இந்த இரண்டும் கூட்டுறவாக நிலைக்கவில்லை. டன்பாருக்குக் காசு போட்டவர் கோடீஸ்வரர் ஜோன் டி. றொக்பெல்லர் இளையவர். பெருமந்தத்தில் தவணை கட்ட முடியாமல் போக, 1936 இல் அவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அலர்ற்றன் அவெனியூக்காரரும் 1943 இல் கட்டடத்தைக் கடன் குடுத்தவர்களிடம் இழந்தார்கள். அதனால திறந்த மனம் இருந்தால் மட்டும் போதும் எண்டு நாங்கள் சொல்லேல்லை. கணக்கும் நிற்க வேணும், கடன் ஆரின்ர கையில இருக்கு எண்டதையும் பார்க்க வேணும். ஆனால் இவை தோத்தது கடனாலயும் பெருமந்தத்தாலயும்தான். கதவைத் திறந்து வைச்சதால எண்டு ஆரும் சொல்லக் கூடாது.

பிந்தின காலத்தில் இருந்தும் ஒரு உதாரணம் சொல்லலாம். 1970களில் சொந்தக்காரர் வரி கட்டாமல் கைவிட்ட பழைய கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் நகரத்தின் கைக்கு வந்தன. சூடு இல்லை, தண்ணி இல்லை. அதுகளுக்க மிஞ்சி இருந்த வாடகைக் குடும்பங்கள், பெரும்பாலும் கறுப்பு, லத்தீன் குடும்பங்கள், தாங்களே கொதிகலனைத் திருத்தி, வாடகையைச் சேர்த்துக் கட்டடத்தை நடத்தினார்கள். பிறகு வீடு ஒன்று 250 டொலருக்கு அவர்களுக்கே கூட்டுறவாகக் கொடுக்கப்பட்டது. வாங்க வருகிறவருக்கு வருமான உச்சவரம்பு உண்டு. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. இப்ப அந்த வட்டாரங்களின்ர விலை ஏறிவிட்டதால, சந்தை விலைக்கு வித்தால் என்ன எண்ட ஆசை அதுகளுக்குள்ளயும் வந்திட்டுது. ஒவ்வொரு கட்டடமும் தனக்குள்ள இந்தச் சண்டையைப் பிடிக்குது. கஷ்டப்பட்டுக் காப்பாத்தின தாய் தகப்பனுக்கு அந்த ஆசை வாறதை நாங்கள் குற்றம் சொல்ல மாட்டம். ஆனால் வித்துப்போட்டால் அடுத்த தாய்க்கு அந்தக் கதவு மூடும் எண்டதையும் மறைக்க மாட்டம்.

ஆகவே தோழருக்கு எங்கட பதில்: ஆக்கள் சேர்ந்து தீர்மானிச்சால் மட்டும் அது கூட்டுறவு ஆகாது. சேர்ந்து ஒருத்தரை ஒதுக்கவும் ஏலும். ஊர் கூடித்தான் கிணத்துக்குக் கிட்ட வராதை எண்டு சொன்னது. கோயில் வாசலைப் பூட்டினதும் ஊர் கூடித்தான். ஒரு கூட்டுறவை எடைபோட இரண்டு கேள்வி போதும். உள்ள வர ஏலாது எண்டு சொல்லப்பட்டவருக்கு என்ன காரணம் சொல்லுது? வெளியில போறவர் என்ன விலைக்கு வித்துப்போட்டுப் போறார்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லாத கட்டடம் ஒரு பணக்காரக் கிளப். அதுக்குக் கிளப் எண்டே பேர் வைக்கலாம்.

எங்களுக்குக் கூட்டுறவு எண்ட சொல் சங்கக்கடையில இருந்து வந்தது. யுத்த காலத்தில கூப்பன் அட்டையோட வரிசையில நிண்டு அரிசி, மா, சீனி வாங்கின இடம் எண்டு வீட்டில பெரியாக்கள் சொல்லுவினம். சாமான் முடிஞ்சால் முடிஞ்சுது எண்டு முகத்துக்கு நேர சொல்லுவினமாம். அந்தச் சொல்லின்ர மதிப்பு எங்களுக்குத் தெரியும், அதனாலதான் அதைப் பார்க் அவெனியூவுக்குச் சும்மா தூக்கிக் குடுக்க மாட்டம்.

காரணம் சொல்லாத கதவு எங்களுக்குப் புதிசும் இல்லை. வெள்ளவத்தையில அறை தேடின எங்கட ஆக்களுக்கு, அடையாள அட்டையில முகவரியைப் பார்த்த உடன "இப்பதான் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டம்" எண்டு சொன்னவை இருக்கினம். யாழ்ப்பாணத்தில வாடகைக்கு வீடு கேட்டால், எந்த ஊர் எண்டு கேட்டு, ஊரில எந்தப் பக்கம் எண்டும் கேட்டு, பிறகு சிரிச்சுக்கொண்டு "அறிவிக்கிறம்" எண்டு சொல்லுறதும் எங்கட ஆக்கள்தான். அந்த அறிவிப்பு ஒரு நாளும் வாறதில்லை. அக்காவுக்கு நடந்ததைக் கேட்டுக் கொதிச்ச எங்கட வீடுகளிலயும் இப்பிடித் திருப்பி அனுப்பினவை இருக்கினம். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிச்சால் நாங்களும் அந்த நிர்வாகசபைக்காரர் மாதிரித்தான்.

நியூயோர்க்கிட்ட நாங்கள் கேக்கிறது பெரிய புரட்சி இல்லை. தகுதி என்ன எண்டு முன்கூட்டியே எழுதி வையுங்கோ. மறுத்தால் ஏன் எண்டு எழுத்தில குடுங்கோ. இதை வாசிக்கிற உங்களிட்டயும் அதையேதான் கேக்கிறம். அடுத்த முறை உங்கட வீட்டு மேல்மாடியை, பின்னறையை, வளவுக்குள்ள இருக்கிற சின்ன வீட்டை ஆராவது வாடகைக்குக் கேட்டு, வீட்டில பெரியாக்கள் "இல்லை எண்டு சொல்லு" எண்டால், ஏன் எண்டு கேளுங்கோ. அவையள் சொல்லுற காரணத்தை அந்த ஆளின்ர முகத்துக்கு நேர சொல்ல வாய் வராட்டில், அந்தக் காரணம் பிழை. கதவைத் திறந்துவிடுங்கோ.